அகலப்பட்டை ரிசீவரில் குறுக்கீட்டைக் குறைப்பது எப்படி: கிழக்குக் கரையோர வீடுகளுக்கான முழு வழிகாட்டி

ஆர்டிஎல்-எஸ்டிஆர் போன்ற ஒரு சிறிய யூஎஸ்பி ரிசீவரை வாங்கி லப்டொப்பில் செருகியதும் புதியவர்கள் காண்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். எங்கே திருப்பினாலும் எஃப்எம் பாட்டு. நடுவே மேடுமேடாக இரைச்சல். கேட்க ஆசைப்பட்ட விமானமோ கப்பலோ செயற்கைக்கோளோ மட்டும் இல்லை. உடனே சிக்னலைக் கூட்டும் எல்என்ஏ ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். நிலைமை இன்னும் கெடுகிறது.

குறுக்கீடு மூன்று இடங்களில் பிறக்கும்: ரிசீவருக்கு உள்ளே, உங்கள் வீட்டில், வீட்டுக்கு வெளியே. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எங்கே பிறக்கிறது என்று தெரியும் வரை எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அதைக் கண்டுபிடிப்பதற்காகவே அமைந்தது. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் தொடங்கியவர்கள் தடுமாறிய இடங்களையும் அந்தந்தப் படியிலேயே சேர்த்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரிசீவர், பற்றரியில் ஒரு மணி நேரமாவது ஓடும் லப்டொப், ஒன்று அல்லது இரண்டு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர், ரிசீவரில் அன்ரனா பொருத்தும் வாயை மூடும் 50 ஓம் டம்மி லோட் ஒன்று, சிக்னலை 10 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேற்றர் ஒன்று. கடைசி இரண்டும் சின்னச் சாமான்கள்தான், ஆனால் இவை இல்லாமல் செய்யும் வேலை முழுக்க ஊகமாகிவிடும்.

அட்டெனுவேற்றர் கிடைக்கவில்லை என்றால் ரிவி கடையில் விற்கும் நான்கு வழிப் பிரிப்பானைப் பயன்படுத்தலாம். அது ஒவ்வொரு வாய்க்கும் ஏறத்தாழ 7 டெசிபல் குறைத்துத்தான் கொடுக்கும். பாவிக்காத வாய்களில் 75 ஓம் மூடி போடுங்கள்.

மென்பொருள் எஸ்டிஆர் ஷார்ப், எஸ்டிஆர் பிளஸ் பிளஸ், ஜிகியூஆர்எக்ஸ் எதுவாகவும் இருக்கலாம். கெயினை, அதாவது ரிசீவர் சிக்னலைப் பெருக்கும் அளவை, கையால் மாற்ற முடிய வேண்டும், சிக்னல்கள் நேரத்தோடு ஓடும் வண்ணப் படமான வோட்டர்ஃபோல் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு கொப்பியும் பேனையும் வேண்டும். திகதி, நேரம், மீடிறன், கெயின், இரைச்சல் மட்டம் ஆகியவற்றை எழுதாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. நேற்று எவ்வளவு இருந்தது என்று மனம் சரியாகச் சொல்லாது.

கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள், அனுமதி பற்றி முன்கூட்டியே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள். அடுத்தவர்களின் தனிப்பட்ட உரையாடலை இடைமறிப்பது சட்டப்படி குற்றம். இங்கே சொல்வதெல்லாம் பொதுவாகக் கேட்கக்கூடிய சிக்னல்களுக்கு மட்டும்.

2. உங்கள் ரிசீவர் ஏன் இவ்வளவு எளிதில் குழம்புகிறது

இதை விளங்கிக்கொண்டால் மற்றப் படிகளின் காரணம் தானாகவே புரியும். சாதாரண ஆர்டிஎல் ரிசீவரில் ஆர்820டி2 அல்லது அதன் வழிவந்த ட்யூனர், அதாவது மீடிறனைத் தெரிவு செய்யும் சில்லு, இருக்கும். ஏறத்தாழ 24 முதல் 1766 மெகாஹேர்ட்ஸ் வரை அது கேட்கும். அவ்வளவு அகலமான வாசலைத் திறந்து வைத்தால் வேண்டாதவையும் உள்ளே வரும். ட்யூனருக்குள் வேண்டாத மீடிறன்களைத் தடுக்கும் சில பில்டர்கள் இருந்தாலும் அவை பலமான எஃப்எம் நிலையத்தைத் தடுக்கும் அளவுக்குக் கூர்மையானவை அல்ல.

அடுத்தது, சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி 8 பிட் கொண்டது. 8 பிட்டுக்குக் கோட்பாட்டு எல்லையே ஏறத்தாழ 50 டெசிபல்தான். அந்த இடத்தைப் பலமான ஒரு சிக்னல் நிரப்பிவிட்டால் மெல்லிய சிக்னலுக்கு இடம் மிஞ்சாது. 12 அல்லது 14 பிட் ரிசீவர்கள் இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் சிக்னல் முதலில் நுழையும் அவற்றின் முன்பகுதியும் மிகப் பலமான சிக்னல் வந்தால் திணறக்கூடியதே, ஆகவே படிகள் மாறாது.

3. அன்ரனா இல்லாமல் ஒரு முறை பாருங்கள்

அன்ரனாவைக் கழற்றி டம்மி லோட்டைப் போடுங்கள். லப்டொப் சார்ஜரையும் கழற்றுங்கள். நீங்கள் கேட்க விரும்பும் பட்டையை முழுவதும் மெதுவாக ஓட்டிப் பார்த்து, தெரியும் கோடுகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது தெரிபவை வானிலிருந்து வருபவை அல்ல. ரிசீவரும் லப்டொப்பும் போடும் கோடுகள்.

ஆர்டிஎல் ரிசீவரின் கடிகாரப் படிகம் 28.8 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. ஆகவே அதன் மடங்குகளில் கோடு தெரிவது இயல்பு. 115.2 நான்காவது மடங்கு, 144.0 ஐந்தாவது. 144.0இல் அசையாத ஒரு கோட்டைக் கண்டு யாரோ ஒலிபரப்புகிறார்கள் என்று காத்திருப்பது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. திரையின் சரியான நடுவில் எப்போதும் நிற்கும் கோடும் அப்படித்தான். மீடிறனைச் சற்றுத் தள்ளி வைத்தால் அது உங்களைத் தொந்தரவு செய்யாது.

இந்தக் கோடுகளைப் பில்டரால் நீக்க முடியாது. பட்டியலில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். பின்னால் வேறு கோடு தோன்றும்போது ஒப்பிட இந்தப் பட்டியல்தான் உதவும்.

4. கெயினைக் கையால் அமையுங்கள்

தானியங்கிக் கெயினை நிறுத்துங்கள். அது ஓடும்போது நீங்கள் செய்யும் எந்தச் சோதனையின் விளைவையும் நம்ப முடியாது, ஏனென்றால் நீங்கள் குறைப்பதை அது கூட்டிவிடும்.

அன்ரனாவைப் பொருத்தி, கெயினைப் பூச்சியத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். மெல்லிய ஒரு சிக்னலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் சிக்னல் உயரும், இரைச்சல் மட்டம் அப்படியே இருக்கும். பிறகு இரண்டும் ஒன்றாக உயரத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி கூடாது. திணறும் அபாயம்தான் கூடும்.

பெரும்பாலானோர் ஆகக்கூடிய 49.6 டெசிபலில் வைத்துவிட்டுக் குறுக்கீடு என்று முறையிடுகிறார்கள். நகர வீடுகளில் பல வேளை கெயினைப் பாதிக்குக் குறைத்ததும் பாதிப் பிரச்சினை போய்விடும்.

அப்புறம் ஒரு சிறிய ஒப்பீடு. அதே கெயினில் டம்மி லோட்டுடன் இரைச்சல் மட்டம் எவ்வளவு, அன்ரனாவுடன் எவ்வளவு என்று எழுதுங்கள். அன்ரனாவைப் பொருத்தியதும் சிக்னல் ஏதும் இல்லாத இடத்தில் மட்டம் 6 டெசிபலுக்கு மேல் உயர்ந்தால், உங்களைக் கட்டுப்படுத்துவது வெளி இரைச்சல் அல்லது திணறல். எல்என்ஏ வாங்கினாலும் ஒரு பயனும் இல்லை.

5. அட்டெனுவேற்றர் சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்.

முதலில் காரணம். இரண்டு பலமான நிலையங்கள் ரிசீவருக்குள் ஒன்றாக நுழைந்தால், திணறும் பகுதி அவற்றைக் கலந்து இல்லாத மீடிறன்களில் புதிய சிக்னல்களை உண்டாக்கும். உதாரணமாக 94 மெகாஹேர்ட்ஸிலும் 106 மெகாஹேர்ட்ஸிலும் இரண்டு நிலையங்கள் என்று வையுங்கள். 106இன் இரு மடங்கிலிருந்து 94ஐக் கழித்தால் 118. அது விமானப் பட்டையின் தொடக்கம். அந்த இடத்தில் உண்மையில் யாரும் ஒலிபரப்பவில்லை; உங்கள் பெட்டிக்குள்தான் அது பிறக்கிறது. இதை மூன்றாம் வரிசைக் கலப்பு என்பார்கள்.

இந்தக் கலப்புக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே வரும் சிக்னல்களை 1 டெசிபல் குறைத்தால் கலப்பு 3 டெசிபல் குறையும். சோதனை முழுவதும் இந்தக் குணத்தில்தான் நிற்கிறது.

சந்தேகப்படும் சிக்னலைத் திரையில் வைத்து அதன் உயரத்தை எழுதுங்கள். கெயினைத் தொடாமல், அன்ரனா வயருக்கும் ரிசீவருக்கும் நடுவே 10 டெசிபல் அட்டெனுவேற்றரைப் போடுங்கள். மறுபடி உயரத்தை எழுதுங்கள்.

சரியாக 10 டெசிபல் குறைந்தால் அந்தச் சிக்னல் வெளியிலிருந்து உண்மையாகவே வருகிறது. 7ஆம் படிக்குப் போங்கள்.

20, 30 டெசிபல் குறைந்தால், அல்லது முற்றாக மறைந்தால், அது ரிசீவருக்குள் பிறந்தது. அடுத்த படியான பில்டர்தான் வைத்தியம்.

கொஞ்சமும் குறையவில்லை என்றால் அன்ரனா வழியாக வரவே இல்லை. யூஎஸ்பி வயர் வழியாகவோ பெட்டியின் ஓட்டை வழியாகவோ நேரே நுழைகிறது. 8ஆம் படியைப் பாருங்கள்.

அட்டெனுவேற்றரைப் போட்டதும் கேட்க விரும்பிய மெல்லிய சிக்னல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். திணறல் நின்றுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இங்கே மூன்று பிழைகள் வழக்கம். ஒன்று, அட்டெனுவேற்றருக்குப் பதிலாக மென்பொருளில் கெயினைக் குறைத்துப் பார்ப்பது. ட்யூனருக்குள் எந்தக் கட்டம் எவ்வளவு குறைந்தது என்று தெரியாததால் கணக்குத் தப்பும். இரண்டு, சிக்னல் இரைச்சல் மட்டத்துக்குள் மூழ்கிய பிறகும் குறைந்த அளவைக் கணக்கிடுவது. மேலே நன்றாகத் தெரியும் சிக்னலில் சோதியுங்கள். மூன்று, அன்ரனா வயரில் மின்சாரம் அனுப்பும் பயஸ்-டீ திறந்திருக்கச் சோதிப்பது. சாதாரண அட்டெனுவேற்றருக்குள் தடைகள் இருப்பதால் அந்த மின்சாரம் அவற்றின் வழியே நிலத்துக்கு ஓடும். அட்டெனுவேற்றர் சுடும், ரிசீவருக்கும் நல்லதல்ல. முதலில் பயஸ்-டீயை மூடுங்கள்.

6. திணறல் உறுதியானால்: பில்டர், எல்என்ஏ அல்ல

நம் பக்கத்தில் பெரும்பாலும் குற்றவாளி எஃப்எம் பட்டைதான். கடையில் 88 முதல் 108 வரை தடுக்கும் பில்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரே ஒரு சேவையை மட்டும் கேட்பவர்கள், அந்தப் பட்டையை மட்டும் விடும் பில்டரை வாங்குவது இன்னும் நல்லது. விமானங்களின் 1090 மெகாஹேர்ட்ஸ் சிக்னலுக்கு இது மிகவும் முக்கியம். 900 மெகாஹேர்ட்ஸ் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் 935 முதல் 960 வரை அனுப்புகின்றன. கோபுரம் வீட்டுக்கு அருகில் இருந்தால் எஃப்எம் பில்டர் மட்டும் போட்டுப் பயனில்லை.

பில்டர் வந்து சேரும் வரை, கையில் உள்ள வயர்த் துண்டிலேயே ஒரு தடுப்பான் செய்யலாம். பயிற்சிக்காகவாவது இதை எல்லோரும் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ரிசீவரின் வாய்க்கு அருகில் ஒரு டீ இணைப்பான் போடுங்கள். ஒரு பக்கம் அன்ரனா, ஒரு பக்கம் ரிசீவர், மூன்றாவது பக்கம் நுனி திறந்த ஒரு வயர்த் துண்டு. அந்தத் துண்டின் நீளம் கால் அலைநீளமாக இருக்கும் மீடிறனில், திறந்த நுனி டீயில் குறுஞ்சுற்றாகத் தெரியும். அந்த மீடிறன் ரிசீவருக்குப் போகாமல் அங்கேயே திரும்பிவிடும்.

கணக்கு: 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும். 98க்கு 3.06 மீற்றர், கால் பங்கு 76.5 சென்ரிமீற்றர். வயருக்குள் அலை மெதுவாகப் போவதால் மெல்லிய 50 ஓம் வயரான ஆர்ஜி-58க்கு 0.66ஆல் பெருக்க வேண்டும்: 50.5 சென்ரிமீற்றர். நுரை நிரப்பிய 75 ஓம் டிஷ் வயரான ஆர்ஜி-6க்கு இது 63 சென்ரிமீற்றர் அளவில் வரும்.

முதலில் ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளமாக வெட்டுங்கள். உங்களுக்குப் பலமாகக் கேட்கும் நிலையத்தைத் திரையில் வைத்து, நுனியை அரைச் சென்ரிமீற்றர் அரைச் சென்ரிமீற்றராக நறுக்குங்கள். ஆர்ஜி-58இல் ஒவ்வொரு அரைச் சென்ரிமீற்றரும் தடுப்பை ஏறத்தாழ 1 மெகாஹேர்ட்ஸ் மேலே நகர்த்தும். நிலையம் மிகவும் தாழ்ந்த இடத்தில் நிறுத்துங்கள். நுனியில் பின்னலும் நடுக்கம்பியும் தொடக்கூடாது. தொட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இந்தத் தடுப்பான் எல்லா வேலைக்கும் ஏற்றதல்ல. 98க்கு வெட்டியது, கப்பல்களின் ஏஐஎஸ் சிக்னல் வரும் 162இல் அரை டெசிபல்கூடக் குறைக்காது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.8இல் 1 டெசிபல் அளவு இழப்பு, வானிலைச் செயற்கைக்கோள்களின் 137இல் ஒன்றரைக்குச் சற்று மேல். இவை தாங்கக்கூடியவை. விமானப் பேச்சு வரும் 120 பக்கத்தில் 4, 5 டெசிபல் போய்விடும். 1090இல் நிலைமை இன்னும் மோசம். கால் அலைநீளத் துண்டு அதன் ஒற்றை மடங்குகளிலும் தடுக்கும். 98இன் 11ஆவது மடங்கு 1078, ஆகவே 1090இல் 9 டெசிபல் அளவு விழும். விமானங்களின் இடத்தைப் பார்ப்பவர்கள் இதைப் போடவே கூடாது.

இன்னொரு கவனம்: டீ என்று ரிவி கடையில் பிரிப்பானைத் தந்துவிடுவார்கள். உள்ளே நேரடி இணைப்பு உள்ள வெறும் டீதான் வேண்டும். பிரிப்பானில் இந்த வித்தை நடக்காது.

பில்டர் போட்ட பிறகு 5ஆம் படியின் சோதனையை மறுபடி செய்யுங்கள். இப்போது எல்லாம் 10 டெசிபல் மட்டுமே குறைந்தால் திணறல் தீர்ந்தது.

7. வீட்டுக்குள் தேடுங்கள்

லப்டொப்பைப் பற்றரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், குளிர்சாதனப்பெட்டி ஐந்து நிமிடம் நின்றால் ஒன்றும் ஆகாது. வோட்டர்ஃபோலைப் பதிவுசெய்துகொண்டே அணைப்பது நல்லது, எந்தக் கணத்தில் எது மறைந்தது என்று பின்னால் நிதானமாகப் பார்க்கலாம். இன்வேர்ட்டர் பற்றரியோ யூபிஎஸ்ஸோ இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கரண்ட் போனால்கூட அவை இரைச்சல் போட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இரைச்சல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள். ட்ரிப் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு எந்த வரிசை என்று பாருங்கள், பிறகு அந்த வரிசையில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவது நேரத்தை மிச்சம்பிடிப்பது போலத் தெரியும், ஆனால் ஒன்றும் விளங்காது.

இரைச்சலின் உருவமே பாதி விடையைச் சொல்லும். சம இடைவெளியில் மங்கலான மேடுகள், அவை மெதுவாக நகர்ந்தால் சார்ஜர், எல்ஈடி மின்குமிழ், ரவுட்டர் மின்வழங்கி போன்ற சுவிட்ச் முறைக் கருவிகள். மலிவான எல்ஈடி மின்குமிழ் ஒன்றே பக்கத்து அறை வரை இரைச்சல் போடும். மேடுகளுக்கு இடையிலான தூரம் அந்தக் கருவியின் சுவிட்ச் வேகம். பல பத்து கிலோஹேர்ட்ஸ் என்பது வழக்கம்.

அசையாத கூர்மையான கோடு 125 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இருந்தால் ரவுட்டரின் ஈதர்நெட் வயரைக் கழற்றிப் பாருங்கள். 148.5இல் இருந்தால் எச்டிஎம்ஐ வயர். 1080பி படத்தின் கடிகாரம் அந்த மீடிறனில்தான் ஓடுகிறது. வெளித்திரையைக் கழற்றி லப்டொப் திரையில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பட்டை முழுவதும் கரகரவென்று, காதால் கேட்டால் மின்கம்பி உறுமுவது போல இருந்தால் அது மின்பொறி. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு உச்சம், ஆகவே உறுமல் 100 ஹேர்ட்ஸில் வரும். மின்விசிறி ரெகுலேற்றரும் தளர்ந்த பிளக்கும் இதைச் செய்யும். தளர்ந்த பிளக் நெருப்பு அபாயமும்கூட. ரேடியோவுக்காக இல்லாவிட்டாலும் அதை உடனே மின்னியலாளரைக் கொண்டு சரிசெய்யுங்கள்.

காலையில் தொடங்கி மாலையில் அடங்கும் இரைச்சல் என்றால் கூரையில் உள்ள சோலர் இன்வேர்ட்டரைச் சந்தேகியுங்கள். பக்கத்து வீட்டுடையதாகவும் இருக்கலாம். சோலர்த் தகடுகளின் வயர்களை நீங்கள் தொடாதீர்கள். வெயில் இருக்கும் வரை அவற்றில் ஆபத்தான வோல்ற்றளவு இருக்கும். பொருத்தியவர்களை அழைத்து வயர்களை ஒன்றோடொன்று ஒட்டி ஓடவிடச் சொல்லுங்கள். பிளஸ்ஸும் மைனஸும் அகன்று ஓடினால் அந்த வளையமே அன்ரனாவாகிவிடும்.

8. வயர் வழியாக ஏறும் இரைச்சலை நிறுத்துங்கள்

கருவியைக் கண்டுபிடித்தாலும் எல்லாவற்றையும் தூக்கி எறிய முடியாது. ரவுட்டர் வேண்டும், லப்டொப் வேண்டும். இரைச்சல் வானத்தில் பறந்து வருவதைவிட வயர்களின் வெளிப்புறத்தில் ஊர்ந்து வருவதே அதிகம். அன்ரனா வயரின் வெளிப் பின்னலும் அதற்கு ஒரு பாதை. இரைச்சல் அதில் ஏறி அன்ரனாவின் அடிக்குப் போய், அங்கிருந்து சிக்னலோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் அன்ரனாவைத் தென்னைக்கு மேல் ஏற்றியும் சிலருக்கு இரைச்சல் குறைவதில்லை.

முதலில் ரிசீவரை லப்டொப்பில் நேரே செருகாமல் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். பிறகு அந்த யூஎஸ்பி வயரின் இரு நுனியிலும் ஃபெரைட் போடுங்கள். வயரின் வெளிப்புறத்தில் ஊரும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம் அது. பழைய கணினித் திரை வயரின் தலையில் இருக்கும் கறுப்பு உருளைக்குள்ளும் ஃபெரைட்தான் இருக்கிறது.

ஃபெரைட்டுக்குள் வயரை எத்தனை முறை நுழைத்தீர்கள் என்பதன் வர்க்கத்துக்குத் தடுப்பு கூடும். மூன்று சுற்று என்றால் ஒரு சுற்றின் ஒன்பது மடங்கு. ஆனால் இது சிற்றலைக்கு. 100 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கிக் கிடந்தால் இரைச்சல் சுற்றுகளைத் தாண்டிக் குதித்துவிடும். அங்கே ஒவ்வொரு ஃபெரைட்டிலும் ஒரு முறை நுழைத்து, நாலைந்து ஃபெரைட்டுகளை வரிசையாகப் போடுவதே சரி. வாங்குபவர்கள் ஃபெயார்-ரைட் நிறுவனத்தின் வகை எண்ணைக் கேளுங்கள்: சிற்றலைக்கு 31, 25 முதல் 300 மெகாஹேர்ட்ஸ் வரை 43, அதற்கு மேல் 61. எண் இல்லாத ஃபெரைட் எதற்கு உதவும் என்று பொருத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அன்ரனா வயரில் ஃபெரைட் போட வேண்டிய முதல் இடம் அன்ரனாவின் அடி. இரண்டாவது இடம் வயர் வீட்டுக்குள் நுழையும் இடம். ரிசீவருக்கு அருகில் மட்டும் போட்டுவிட்டுப் பயனில்லை என்று கைவிடுபவர்கள்தான் அதிகம்.

9. அன்ரனா

வேண்டாததைக் கேட்காத அன்ரனாவே நல்ல அன்ரனா. எல்லாவற்றையும் பிடிக்கும் டிஸ்கோன், எஃப்எம் பட்டையையும் அப்படியே அள்ளித் தரும். ஒரு சேவைக்கு என்று வெட்டிய அன்ரனா தானே ஒரு பில்டர் போல வேலை செய்யும். ஏஐஎஸ்ஸுக்குக் கால் அலைநீளச் செங்குத்துக் கம்பி 44 சென்ரிமீற்றர். 137 மெகாஹேர்ட்ஸ் செயற்கைக்கோள்களுக்கு ஒவ்வொன்றும் 53 சென்ரிமீற்றர் கொண்ட இரண்டு கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் கிடையாகப் பிடித்தால் போதும்.

வீட்டிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் வளவு சிறியது, மேலே போவதைத் தவிர வழியில்லை. அங்கே கூரைக்கு மேல் இரண்டு மீற்றர் உயர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. உப்புக்காற்றில் அன்ரனாப் பிடிகள், தகரக் கூரை, பீலி, பழைய ரிவி அன்ரனாக் கம்பிகள் எல்லாம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த இணைப்பு ஒரு டயோட் போல நடந்து, எஃப்எம் நிலையங்களை அந்த இடத்திலேயே கலந்து மறுபடி பரப்பும். இதை 5ஆம் படி காட்டிக்கொடுக்காது. கலப்பு ரிசீவருக்கு வெளியே நடப்பதால், சிக்னல் சரியாக 10 டெசிபல்தான் குறையும். ஆனால் மீடிறன் மட்டும் 118 போன்ற கலப்புக் கணக்கில் வரும். காற்றில் தகரம் ஆடும்போது அது விட்டுவிட்டு வரும், மழையில் மாறும். இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் பில்டர் வாங்காதீர்கள். துருப்பிடித்த இணைப்புகளைச் சுரண்டி இறுக்குங்கள், பயனில்லாத பழைய கம்பிகளைக் கழற்றுங்கள்.

வெளி இணைப்புகள் எல்லாவற்றையும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். வாடைக்காற்று மழைக்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இடி மின்னல் தொடங்கும் முன்பே வயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி வருவது நமக்குத் தெரிந்ததுதானே.

10. எல்என்ஏ எப்போது

மேலே உள்ளவை முடிந்த பிறகும், அன்ரனாவைப் பொருத்தினால் இரைச்சல் மட்டம் உயராமல் இருந்தால் மட்டும். திணறல் இருக்கும்போது எல்என்ஏ போடுவது, கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அருகில் நின்றுகொண்டு காதுக்கருவியின் சத்தத்தைக் கூட்டுவது போன்றது.

வைக்க வேண்டிய இடம் அன்ரனாவின் அடி, ரிசீவரின் வாய் அல்ல. வயரில் தொலைந்த சிக்னலைப் பின்னால் வந்து எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. 1090 மெகாஹேர்ட்ஸில் 20 மீற்றர் ஆர்ஜி-58 வயர் 10 டெசிபலுக்கு மேல் விழுங்கும். அதே நீளம் ஆர்ஜி-6 என்றால் 4, 5 டெசிபல்தான். 75 ஓம் வயரை 50 ஓம் கருவியில் போடலாமா என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பொருத்தமின்மையால் ஓர் இணைப்பில் வருவது 0.2 டெசிபலுக்கும் குறைந்த இழப்பு. தாராளமாகப் போடுங்கள்.

பில்டர் எல்என்ஏவுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வைத்தால் எல்என்ஏவே திணறிக் கலப்பை உண்டாக்கிவிடும், பிறகு பில்டருக்கு அது உண்மையான சிக்னல் போலவே தெரியும்.

11. வெளி இரைச்சலை அளக்கவும் தேடவும்

மெயின் சுவிட்சை அணைத்தும் குறையாத இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. எவ்வளவு என்று அறிய, அதே லப்டொப், அதே அன்ரனா, அதே கெயினோடு ஒரு பின்னேரம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போங்கள். மண்முனைப் பாலத்தைத் தாண்டி வயல்வெளியில், மின்கம்பி இல்லாத இடத்தில் இரைச்சல் மட்டத்தை அளந்து எழுதுங்கள். கல்முனை, காரைதீவுப் பக்கத்தவர்கள் மேற்கே வயல்களுக்குள் போனால் சரி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள உங்கள் வீட்டுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்னும் குறைக்கக்கூடிய அளவு. வித்தியாசம் 2, 3 டெசிபல்தான் என்றால் மேலும் சிரமப்படாதீர்கள். வீடு நன்றாகவே இருக்கிறது.

வித்தியாசம் பெரிது என்றால், ஏஎம் கேட்கும் சிறிய பற்றரி ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வீதியில் நடங்கள். உறுமல் கூடும் திசையில் போங்கள். மத்திய அலையில் இரைச்சல் மின்கம்பி நெடுக ஓடுவதால் எல்லாக் கம்பத்திலும் கேட்கும். கம்பத்தை நெருங்கியதும் விமானப் பட்டை கேட்கும் கைரேடியோவுக்கு மாறுங்கள். மீடிறன் கூடக் கூட இரைச்சல் பிறக்கும் இடத்துக்கு அருகில் மட்டும்தான் கேட்கும், ஆகவே எந்தக் கம்பம் என்று அது சொல்லிவிடும்.

கச்சான் காற்றுக் காலத்தில் மின்கம்ப இன்சுலேற்றர்களில் தூசியும் உப்பும் படியும். அதன்மேல் பனியோ தூறலோ பட்டதும் மின்சாரம் கசிந்து உறுமும். பெருமழை கழுவிவிட்டால் அடங்கும். ஆகவே ஒரு நாள் கேட்டதை வைத்து முறையிடாமல், சில நாள் வெவ்வேறு வானிலையில் கேட்டு எழுதுங்கள். பிறகு கம்ப இலக்கத்தையும் நேரங்களையும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, இழுவைக் கம்பியை ஆட்டுவது போன்ற வேலை ஒருபோதும் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கருவி என்றால் குறை சொல்லிக்கொண்டு போகாதீர்கள். ரேடியோவை எடுத்துச் சென்று காட்டுங்கள், மாற்று மின்குமிழ் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலானோர் அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்வார்கள்.

12. மென்பொருள் கடைசியில்

பட்டை அகலத்தைத் தேவைக்கு மட்டும் வையுங்கள். விநாடிக்கு 2.4 மில்லியன் மாதிரிகளிலிருந்து 12.5 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குச் சுருக்கினால், அந்தச் சேவைக்குச் சேரும் இரைச்சல் ஏறத்தாழ 23 டெசிபல் குறையும். படபடவென்று வரும் துடிப்பு இரைச்சலுக்கு நொய்ஸ் பிளாங்கரைப் போடலாம். ஒற்றைக் கோட்டுக்கு, அந்த மீடிறனை மட்டும் வெட்டும் நொட்ச். இவை எதுவும் திணறலைத் தீர்க்காது, ஏனென்றால் மென்பொருளின் கைக்கு வரும் முன்பே சிக்னல் கெட்டுவிட்டது.

எல்லாம் அமைந்த பிறகு டம்மி லோட் மட்டம், அன்ரனா மட்டம், கெயின் ஆகிய மூன்றையும் திகதியோடு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு நாள் இரைச்சல் கூடியதாகத் தோன்றினால் முதலில் இந்த மூன்றையும் அளங்கள். டம்மி லோட் மட்டமே மாறியிருந்தால் ரிசீவரையும் லப்டொப்பையும் பாருங்கள். அன்ரனா மட்டம் மட்டும் உயர்ந்திருந்தால் வீட்டுக்குப் புதிதாக என்ன கருவி வந்தது என்று கேட்டு 7ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். அது தாழ்ந்திருந்தால் வெளி இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று ரப்பர் டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.